மூட்டைக்காரன் படத்துக்கு நான் பேசிய பேச்சு

தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு என் காலடியில் ஒரு வெள்ளைக்காரர் வந்து உட்காருவார். ஊரிலிருக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில் துரை எதிரே வந்தால் குடையை மடக்கிக்கொண்டு ஓரம் போன ஜனங்கள்தானே நாம்! இங்கே ரங்கூனில், பிரேசர் தெருவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை பயாஸ்கோப். திரைக்குப் பக்கத்தில் மரப்பெட்டி மேல் நான் நிற்பேன். எனக்குக் கீழே, தரை டிக்கெட் வாங்கிய நம் துறைமுகக் கூலிகளுக்கும் தாழ்வாக, ஒரு முக்காலியில் சாண்டோர் துரை பிடிலோடு உட்காருவார். படம் ஊமை. திரையில் வருகிற இங்கிலீஷ் எழுத்தை வாசித்துத் தமிழில் கதை சொல்வது என் வேலை. என் பேச்சுக்குத் தக்கபடி பிடில் வாசிப்பது அவர் வேலை. வந்த புதிதில் அவர் தலைக்கு மேல் நின்று பேசவே எனக்குக் கால் கூசியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மனிதனுக்கு எதுதான் பழகாது?

ஊரில் நான் நாடகக் கம்பெனி பபூன். கம்பெனி கலைந்தது, கப்பலேறினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அந்த வாயை மட்டும்தான் கொண்டுவந்தேன். சாண்டோருக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் அடுத்த வரியில் சிரிக்க வைக்கப் போகிறேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். வில்லை நரம்பில் வைத்தபடி ஒரு மூச்சு நிறுத்துவார். கூட்டம் சிரித்து முடித்ததும் ராகத்தைத் தொடருவார். இருபது வருஷம் ஒன்றாக ஆடிய நடிகர்களோடுகூட எனக்கு அப்படிப் பொருந்தி வந்ததில்லை.

அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து முழுசாகும் என்று பார்த்தால் கால்தான் மிஞ்சும். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஒருநாள் டீக்கடையில் தன் கதையைச் சொன்னார். ஹங்கேரி என்று ஒரு தேசம். பெரிய யுத்தத்தில் இங்கிலீஷ்காரனோடு மோதித் தோற்ற கட்சி. அங்கே புடாபெஸ்ட் நகரத்து நாடக மேடையில் அவர் தங்கை இலோனா பாடுவாள், இவர் கீழே வாசிப்பார். யுத்தம் முடிந்த பிறகு நாடகக் கொட்டகை மாடியில் ஒரு கூட்டம் தடிகளோடு வந்து உட்கார ஆரம்பித்தது.

“அவள் வாயைத் திறந்ததும் சிரிப்பார்கள், மிஸ்டர் வேலு. முதலில் சிரிப்பு. பிறகு தடியால் பெஞ்சைத் தட்டுவார்கள். பிறகு தெருவில் காத்திருப்பார்கள்.”

புல்லாங்குழல் வாசித்த அவருடைய சிநேகிதரை ஹோட்டல் வாசலில் அடித்துப் பல்லை உதிர்த்துவிட்டார்களாம். அந்த மனிதர் அதன்பின் குழலைத் தொடவில்லை. இவர் பெயரைச் சம்பளப் பட்டியலில் அடித்தார்கள், தங்கை பெயரை நோட்டீசிலிருந்து எடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “கம்பெனிப் பூசல் எங்கேயும் உண்டு துரை! என்மேல் அழுகின முட்டை விழாத ஊரே தஞ்சாவூர் ஜில்லாவில் கிடையாது” என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “முட்டை இல்லை, மிஸ்டர் வேலு” என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

கொட்டகையில் ஒரு பழைய பியானோ இருந்தது. வாசித்தவர் கோவாவுக்குப் போனபின் யாரும் தொடவில்லை. இலோனாவுக்குப் பியானோ வரும். கொட்டகை முதலாளி, ‘இந்தப் பெண்ணுக்கு வேலை தருகிறேன்’ என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், அதைக் காட்டி அவள் அங்கேயிருக்கிற இங்கிலீஷ் கான்சல் ஆபீசில் அனுமதி வாங்கிக் கப்பலேறலாம். இல்லாவிட்டால் அந்தத் தடிக்காரர்கள் நடுவில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். தாய் தகப்பன் இல்லை. சாண்டோர் வேறு எதற்கும் உயிரை வைத்திருக்கவில்லை. முதலாளி நம் தமிழர். அவரிடம் நயந்து பேசிப் பாதி சம்மதிக்க வைத்தவன் நான்தான். “அடுத்த மாசம் பார்க்கலாம்ப்பா” என்றிருந்தார். அந்த அடுத்த மாசத்தில்தான் மூட்டைக்காரன் படம் வந்தது.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. யூதன் ஒருவன் மூட்டை தூக்கி ஊர் ஊராய் விற்கிறான். நீண்ட கறுப்பு அங்கி, ஒட்டுத்தாடி, மெழுகில் பிடித்த மூக்கு. கல்யாண வீட்டில் நுழைந்து பெண்ணின் சங்கிலியைத் திருடுகிறான். ஊரார் தடியோடு விரட்டுகிறார்கள். உப்புமில்லை, சப்புமில்லை. நான் விடுவேனா? கூனிக்கொண்டு நடந்து காட்டினேன், மூக்கை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டுக் கட்டினேன். கடைசியில் கூட்டத்தைப் பார்த்து, “அண்ணன்மாரே, விரட்டட்டுமா?” என்று கேட்டேன். “விரட்டு!” என்று கொட்டகை அலறியது. கையில் அகப்பட்டதைக் கொண்டு தகரச் சுவரில் தட்டினார்கள். எனக்குப் புல்லரித்தது, ஐயா! இத்தனை வருஷத்தில் இப்படியொரு கைத்தட்டல் நான் வாங்கியதில்லை. பிடில் சத்தம் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் சாண்டோர் கேட்டார்: “அவர்களிடம் என்ன சொன்னாய்?”

சொன்னால் வெட்கக்கேடு. கலைஞனுக்குக் கலைஞன் பாராட்டுவார் என்று நினைத்து, அந்தக் காலிக் கொட்டகையில் அவர் ஒருவருக்காக மறுபடி முழுசாக நடித்துக் காட்டினேன். கூன், மூக்கு, பாட்டு, எல்லாம். வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் அர்த்தமும் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“இது நான்” என்றார். “என் தங்கையும் இதுதான்.”

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “நீங்களா? நீங்கள் வெள்ளைக்காரர் அல்லவா!” ரங்கூன் யூதர்களை எனக்குத் தெரியும். பாக்தாத் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நம்மைப்போல் மாநிறம், குல்லாய், இந்துஸ்தானி பேச்சு. இருபத்தாறாம் தெருவில் அவர்கள் கோயில் இருக்கிறது. வைக்கோல் நிறத்தில் தலைமுடி உள்ள ஒரு துரை யூதராய் இருப்பார் என்று நான் எங்கே கண்டேன்? வெள்ளைக்காரன் என்றால் நமக்கு மொத்தமும் ஒரே சாதி. அவர்களுக்குள்ளும் தீண்டத்தகாதவர் உண்டு என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த டீக்கடைப் பேச்சு அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. 

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் ஓட்டுகிற பர்மியர் கோ பா தெய்ன் முந்தின வருஷம் என்னைப் ‘புவே’ பார்க்கக் கூட்டிப்போனார். அது அவர்களுடைய கூத்து. அதில் ஒரு கோமாளி லுங்கியை மடித்துக் கட்டி, முகத்தில் கரி பூசி, தலையை ஆட்டி ஆட்டித் தமிழ்க் கூலியாக நடித்தான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. “கலா, கலா” என்று குழந்தைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்நியனுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நான் பாதியில் எழுந்து வந்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தேன். பபூன் புத்தி!

மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் ஓடினேன். “இந்தக் கோமாளித்தனம் வேண்டாம் முதலாளி, கதையை மாற்றிச் சொல்கிறேன்” என்றேன்.

“பைத்தியமா உனக்கு? வாசல்ல கூட்டம் தாங்கலை. இன்னும் ரெண்டு வாரம் ஓட்டப்போறேன்.”

இரக்கப்படுவார் என்று நினைத்து உண்மையைச் சொன்னேன். “நம்ம பிடில்காரத் துரை அந்த ஜாதிதான் முதலாளி. மனசு ஒடிஞ்சுபோச்சு.”

நுணலும் தன் வாயால் கெடும். என் வாயால் கெட்டது அடுத்தவர்.

முதலாளியின் கண் மலர்ந்தது. “நிசமாவா? அடடே! அப்ப படத்தில வர்ற மாதிரி அங்கியும் தாடியும் அவருக்கே போட்டுவிடு. படம் ஆரம்பிக்கும் முன்னாடி வாசித்துக்கொண்டே கூட்டத்துக்கு நடுவே நடந்து வரட்டும். சனிக்கிழமையிலிருந்து. தங்கச்சிக்குக் கடுதாசி வேணுமில்லே? உடனே போட்டுத் தரேன்.” அவர் கெட்ட மனிதர் என்று நினைக்காதீர்கள். என்னைப் போலத்தான். அவருக்கும் அது வேடிக்கை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இதை எப்படிப் போய்ச் சொல்வேன்? சொன்னேன். சாண்டோர் என்னைத் திட்டுவார், பிடிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “கடிதம் முதலில் கிடைக்குமா?” கிடைத்தது. இரண்டு தரம் வாசித்து, மடித்து, சட்டைக்குள் வைத்தார். பிறகு அங்கியைப் போட்டுக்கொண்டார். தாடி ஒட்ட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் பசை தடவி ஒட்டினேன்.

சனிக்கிழமை மூன்று மணி. கதவு திறந்தது. அவர் வாசித்துக்கொண்டே நடந்து வந்தார். அது வழக்கமாக வாசிக்கிற பாட்டில்லை. நான் கேட்டறியாத மெட்டு, மெதுவாகப் போவது. பின்னால் கேட்டபோது, அந்தத் தடிக்காரர்கள் மாடியில் முதன்முதலாகச் சிரித்த அன்று இலோனா பாடிக்கொண்டிருந்தது அது என்றார். கடலைத் தோல் பறந்தது. எனக்கு வாய் எழவில்லை. “பேசுங்க அண்ணே!” என்று கூட்டம் கத்தியது. முதலாளி கதவோரம் நின்று என்னைப் பார்த்தார். சாண்டோர் பெட்டிக்குக் கீழே வந்து நின்று, அந்தத் தாடிக்கு மேலே இரண்டு கண்ணையும் என்மேல் வைத்து, “ஸ்பீக்” என்றார். “பிளீஸ், மிஸ்டர் வேலு. ஸ்பீக்.” பேசினேன். ஒரு வரி விடாமல் எல்லாம் பேசினேன். இரண்டு வாரம், தினம் இரண்டு ஆட்டம். வீட்டுக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொள்வேன், மறுநாள் வந்து பேசுவேன்.

கடிதம் போனது. மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: இலோனா கப்பலேறிவிட்டாள். அந்த ஒரு நாள்தான் சாண்டோர் சிரித்து நான் பார்த்தது. கப்பல் வந்த காலையில் மொகல் தெருவில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு நானும் அவரோடு துறைக்குப் போனேன். மேலேயிருந்து பலகை இறக்கினார்கள். மெலிந்த பெண், கையில் ஒரு சின்னப் பெட்டி, அண்ணன் முகத்தைத் தேடிக்கொண்டே இறங்கி வந்தாள்.

அப்போதுதான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நம் ஆட்கள் எங்களைக் கண்டுகொண்டார்கள். “டேய், நம்ம மூட்டைக்காரத் துரைடா! வேலு அண்ணனும் வந்திருக்கு!” அத்தனையும் பிரியம், வேறொன்றுமில்லை. சாண்டோருக்கு ஓசியில் வெற்றிலை மடித்துக் கொடுக்கிற பிள்ளைகள் அவர்கள். “அண்ணே, விரட்டட்டுமா?” என்று ஒருவன் கேட்டான். “விரட்டு!” என்று துறை முழுக்கக் கத்தியது. மரப்பெட்டிகள் மேல் தடியால் தட்டினார்கள். சாண்டோர் பழகிப்போனவர், தொப்பியைத் தூக்கி அவர்களுக்கு மரியாதை செய்தார்.

இலோனா பலகையின் நடுவில் நின்றுவிட்டாள். தடிகளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அவள் பாஷையில் என்னவோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றேன். சாண்டோர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “நாம் யார் என்று இவர்களுக்கு அதற்குள் யார் சொன்னது என்று கேட்கிறாள்.”

“நிறுத்துங்கடா, பாவிகளா!” என்று நான் அலறினேன். அது என் பபூன் குரல்தானே, அவர்களுக்கு அடையாளம் தெரிந்த குரல். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் இறங்கவும் இல்லை. பின்னால் ஆட்கள் நெருக்கியதால் திரும்பிக் கப்பலுக்குப் போகவும் வழியில்லை. நான் மாலையோடு பலகையின் அடியில் போய் நின்றேன். “நான்தாம்மா சொன்னேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்” என்று தமிழில் சொன்னேன். அந்தத் துறையில் அது புரிந்தவர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.