கண்ணன் உதட்டு வெண்ணெய்

காலையில் சொல்லிக்கொடுத்த எழுத்தை என் மகள் மாலையில் மறந்து நிற்கிறாள். ஐந்து வயதுக் குழந்தைகள் எல்லோரும் இப்படித்தானா, அல்லது இதற்கு வேறு காரணம் உண்டா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில் என் புகுந்த வீட்டுப் பூஜை அறையில் பலகையில் எழுதிய பழைய படம் ஒன்று இருக்கிறது. தவழும் கண்ணன், நீல மேனி, மஞ்சள் பட்டு, சிவந்த உதடு. முன்னால் கண்ணாடி கிடையாது. "கண்ணாடிக்கா ஊட்டறது?" என்று எப்போதோ யாரோ கழற்றிவிட்டார்களாம். தினமும் மாமியார் துளி வெண்ணெயை அந்த உதட்டில் தடவுவார். சற்றுப் பொறுத்து அதையே விரலால் வழித்து வீட்டுக் குழந்தையின் வாயில் வைப்பார். என் கணவரும் அவர் தங்கையும் அப்படி வளர்ந்தவர்கள். என் மகள் அந்த வெண்ணெய்க்காகவே அழாமல் எழுந்திருப்பாள்.

என்னோடு வேதியியல் படித்த தோழி சென்னையில் பழைய ஓவியங்களின் வண்ணங்களை ஆராய்பவள். ஒருமுறை கருட சேவைக்கு வந்தவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, குண்டூசி முனையளவு துணுக்குகள் எடுத்துக்கொள்ளலாமா என்று மாமியாரைக் கேட்டாள்.

"பெருமாள் மேல கத்தி வைக்கப்போறயா?"

"கத்தியில்ல மாமி, சின்ன ஊசிதான்."

"ஊசியா? அழாம பாத்துக்கோ. இவ தடுப்பூசிக்கே தெருவைக் கூட்டினா" என்று பேத்தியைக் காட்டிச் சிரித்தபடி சம்மதித்தார்.

சில வாரங்கள் கழித்துத் தோழி உற்சாகமாகத் தொலைபேசியில் அழைத்தாள். மேனி அவுரி நீலம், பட்டு அரிதார மஞ்சள், உதடு ஈயச் செந்தூரம். துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூச்சின் அடுக்குகள் தெரியுமாம்.

"உதட்டுல மட்டும் ரெண்டு தடவை பூசியிருக்காங்கடி. முதல் சிவப்பு தேஞ்சுபோய் யாரோ மேல பூசியிருக்காங்க. அதுவும் இப்ப நடுவுல தேஞ்சு, அடியில வெள்ளைப் பூச்சு தெரியுது. வேற எந்த எடமும் இப்படித் தேயல. உதட்டை எதுக்குத் தொடறீங்க?"

வெண்ணெயைப் பற்றிச் சொன்னேன்.

"பாப்பாவுக்கு ரத்த டெஸ்ட் பண்ணிடு. ஈயம்டி அது, கொழந்தைங்க மூளையைப் பாதிக்கும்."

பண்ணினோம். பயப்படும் அளவு இல்லை என்றார் டாக்டர். "முன்னாடியே உடம்புல சேந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதை இந்த டெஸ்ட் முழுசாச் சொல்லாதும்மா. குழந்தை நல்லா ஓடியாடுது. நீங்கதான் தூங்கற மாதிரித் தெரியல."

கணவரோ, "நானும்தான் சாப்ட்டேன். பேங்க் பரீட்சை பாஸ் பண்ணலையா?" என்றார். எத்தனையாவது முறை என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றும் அவர்தான் சொன்னார்.

அதனால் மாமியாரிடம் பாதி உண்மையைச் சொன்னேன்: "வெண்ணெய் பட்டா வர்ணம் கெட்டுடுமாம்மா."

அவர் முகம் வாடிவிட்டது. "அச்சோ, இத்தனை நாளா அவனை உபத்திரவம் பண்ணிண்டிருந்தேனா?"

அன்றிலிருந்து வெண்ணெய் வெள்ளிக் கிண்ணத்தில்தான். நான் செய்தது சரிதானென்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நாத்தனார் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். தை மாதம் அன்னப்பிராசனம். "எனக்குக் கெடச்சது எம் பிள்ளைக்கும் வேணும்மா, ஒரே ஒரு நாள்" என்கிறாள். மாமியாரும் இளகிவிட்டார். "ஒரு நாள்ல வர்ணம் என்ன கெட்டுடப் போறது?" என்று என்னையே கேட்கிறார்.

முழுதும் சொன்னால் இந்தக் குழந்தை தப்பிக்கும். ஆனால் தன் விரலால் மூன்று குழந்தைகளுக்கு என்ன ஊட்டினோம் என்று அவர் நினைத்து நினைத்து மாய்ந்துபோவார். அவரைப் போல என் மகளைக் கொஞ்சியவர்கள் யாருமில்லை.

உங்களில் யாராவது இப்படி ஒன்றைப் பெரியவர்களிடம் சொல்ல நேர்ந்திருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள்? தை பிறக்குமுன் தயவுசெய்து எழுதுங்கள்.