என் கிளாஸில் யாரும் ஊற்றவில்லை

மொன்றியலில் உனக்குப் பிடித்த இடம் எது என்று அந்த நாட்களில் யார் கேட்டாலும், மலையும் இல்லை, ஆறும் இல்லை, டவுன்டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அடியில் படி இறங்கிப் போகிற அந்த இஸகாயாதான் என்று பட்டென்று சொல்வேன். இஸகாயா என்றால் ஜப்பான்காரர்களின் சாதாரணக் குடிக்கடை. வேலை விட்டு வருகிறவர்கள் பியரும் கையுமாக உட்கார்ந்து, சின்னச் சின்னத் தட்டுகளாக வரவழைத்து, எல்லோருமாகப் பிய்த்துத் தின்று, கத்திப் பேசுகிற இடம். இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு அறையில் இருந்தேன். கையில் காசு சேர்ந்தால் அங்கே. சேராவிட்டாலும் அங்கே.

அவனோடு முதன்முதலில் வெளியே போனதும் அங்குதான். என் வகுப்பில் படித்தவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவன், வீடு வில்லரேயில். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பியர் பெரிய பாட்டிலில் வரும், கிளாஸ் சின்னது. தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. எதிரில் இருப்பவர் கிளாஸ் குறைகிறதா என்று நாம் பார்க்க வேண்டும். நம்முடையதை அவர் பார்ப்பார். இதை நான்தான் அவனுக்குச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டான். பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி, "மகாராணி, கிளாஸை நீட்டும்" என்பான். அவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதே அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அவனுக்கு அப்பா இல்லை. துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற அண்ணன்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். அண்ணன் ஓம் என்றால் அம்மாவும் ஓம். அண்ணன் இல்லை என்றால் பேச்சே இல்லை. "அண்ணை முதல்ல உம்மைப் பாக்கோணுமாம்" என்றான். எங்கே பார்க்கலாம் என்று கேட்டபோது யோசிக்காமல் இஸகாயா என்றேன். தமிழ்ச் சாப்பாட்டுக் கடை என்றால் அது அவர் பேட்டை. இது என் பேட்டை.

ஜனவரி மாதம். படி இறங்கிக் கதவைத் திறந்ததும் வழக்கம்போல் சமையல்காரரிலிருந்து தட்டு கழுவுகிறவர் வரை ஒரே குரலில் கத்தினார்கள். அண்ணன் தலையில் இருந்த குல்லாவோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னத்துக்கு உவங்கள் கத்துறாங்கள்?"

"வாங்கோ எண்டு சொல்றாங்கள், அண்ணை" என்றான் இவன்.

"வாங்கோ எண்டு சொல்ல, அடிக்க வாற மாதிரிக் கத்தோணுமோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத் திரும்ப எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டைக் கழற்றினேன்.

மேசையில் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இவன் போய் ஒட்டிக்கொண்டான். எதிரே நான் தனியாக. வேலைக்கு இண்டர்வியூ வைக்கிற கம்பெனியில்கூட நமக்குச் சாதகமாக ஒரு முகமாவது இருக்கும்.

பியர் வந்தது. உற்சாகமாக வழக்கத்தை விளக்கி, இருவருக்கும் ஊற்றினேன். பாட்டிலை நடுவில் வைத்தேன். என் கிளாஸ் காலியாக இருந்தது.

"இவவும் குடிப்பாவோ?" என்று அண்ணன் தம்பியைக் கேட்டார். இந்த ஊரில் எந்த ஈழத்துக் கடைக்குப் போனாலும் தங்கச்சி, தங்கச்சி என்பார்கள். இவர் வாயில் எனக்கு ஒரு பெயரும் இல்லை.

தம்பி மெனு அட்டையைப் படித்துக்கொண்டிருந்தான். மனப்பாடமாகத் தெரிந்த அட்டை.

"குடிப்பேன் அண்ணா" என்றேன்.

"ஓ. அப்ப ஆம்பிளையள் பொம்பிளையளுக்கு ஊத்துறதும் உந்த வழக்கத்தில இருக்கோ?"

"இருக்கு."

"நல்ல வழக்கம்" என்றார். பாட்டிலைத் தொடவில்லை. அவித்த சோயாக் காயை எடுத்துத் தோலோடு மென்று, முகம் சுளித்துத் துப்பினார். உரித்துத்தான் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஊரில எவடம்?"

"சென்னை."

"அது தெரியும். பூர்வீகம்?"

"அண்ணா நகர்."

"நான் அதைக் கேக்கேல்ல."

"தெரியும் அண்ணா. அதனாலதான் அதைச் சொன்னேன்."

இவன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். அன்று மாலை அவன் எனக்காகச் செய்த ஒரே காரியம் அது.

கோழி ஈரல் கம்பியில் குத்தி வந்தது. எல்லோரும் ஒரே தட்டில் எடுப்பதுதான் முறை. அண்ணன் தனித்தட்டு கேட்டு வாங்கி, தனக்கும் தம்பிக்கும் முள்கரண்டியால் உருவிப் போட்டுவிட்டு, மிச்சத் தட்டை என் பக்கம் தள்ளினார். எச்சில் பார்க்கிறாராம். அவர் கிளாஸ் குறைந்தது, ஊற்றினேன். இவன் கிளாஸ் குறைந்தது, ஊற்றினேன். என்னுடையது கழுவி வைத்தது மாதிரி பளபளத்தது. பரிமாறுகிற பெண் இரண்டு முறை அதைப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு ஒரு டீ சொல்லியிருக்கலாம். செத்தாலும் சொல்வதாக இல்லை.

"சமைப்பீரோ?" இந்த முறை நேராக என்னையே கேட்டார்.

"மேகி."

"இவனுக்கு அம்மா இண்டைக்கும் மீனில முள்ளெடுத்துக் குடுக்கிறா. தெரியுமோ?"

தெரியாது. சுட்ட கானாங்கெளுத்தி வந்திருந்தது. இவன் அதைத் தொடாமல் காத்திருந்தான். நான் பார்க்கப் பார்க்க, அண்ணன் பேச்சை நிறுத்தாமலே நடு முள்ளை உருவி, சதையை அவன் தட்டில் வைத்தார். இவன் தின்றான். வெட்கமே இல்லை. என்னோடு வரும்போதெல்லாம் ஏன் கோழி மட்டும் கேட்பான் என்று அப்போது புரிந்தது.

கடைசி பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம். அது இவன் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் இவனைப் பார்த்தேன். சும்மா அல்ல, கண் எடுக்காமல் பார்த்தேன். இவனும் பார்த்தான், என் முகத்தை, என் கிளாஸை. பாட்டிலை எடுத்தான். இரண்டு கையாலும் எடுத்தான்.

எடுத்து அண்ணன் கிளாஸில் ஊற்றினான். ஏற்கெனவே நிறைந்திருந்த கிளாஸ். நுரை வழிந்து மேசையில் ஓடியது.

கையை நீட்டி அவன் பிடியிலிருந்து பாட்டிலை வாங்கினேன். மிச்சத்தை என் கிளாஸில் நானே ஊற்றி, ஒரே மடக்கில் குடித்தேன். வெதுவெதுப்பாக, கசப்பாக இருந்தது.

"தானே ஊத்தக் கூடாதெண்டெல்லோ சொன்னனீர்?" என்றார் அண்ணன்.

"ஆமா. ஊத்த ஆள் இருந்தா."

அவர் குல்லாவை மாட்டிக்கொண்டு எழுந்தார். நாங்கள் படியேறும்போது பின்னால் மறுபடி எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், போய்வாருங்கள் என்று. அந்த ஒரு தடவை எனக்கும் அது விரட்டுவது மாதிரித்தான் கேட்டது.

வெளியே பனியில், அண்ணன் வண்டியை எடுக்கப் போன இடைவெளியில், இவன் என் கையைப் பிடித்தான். "அண்ணைக்கு முன்னால நான் எப்பிடி உமக்கு ஊத்திறது? யோசிச்சுப் பாரும். பேந்து கதைப்பம்." பேந்து என்றால் பிறகு. எதற்கும் அவனுக்குப் பேந்துதான். கையை உருவிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

மறுநாள் போன் வந்தது. குரலில் அப்படியொரு துள்ளல்.

"அண்ணை ஓமெண்டிட்டார்! நம்பமாட்டீர், ஓமெண்டிட்டார். அம்மாட்டையும் சொல்லிட்டார்."

"என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

"பகிடியாத்தான் சொன்னவர்... வாய்க்காரி, உன்னைப் போல ஒருத்தனுக்கு அப்பிடி ஒருத்திதான் சரி, இனி அம்மாவுக்கும் எனக்கும் வேலை மிச்சம் எண்டார்."

முள்ளெடுக்கிற வேலை. அந்த மனிதரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, இன்றுவரை பிடிக்காது. ஆனால் அவர் என்னை அளந்த அளவுக்கு இவன் என்னைப் பார்த்ததே இல்லை.

"என்ன, சத்தத்தையே காணேல்ல? சந்தோஷமில்லையோ? வாரும், இண்டைக்கு அங்கயே போவம். நான் ஊத்திறன், மகாராணி."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பனியில் சிக்கிய காரை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பேந்து சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

அன்று அந்தக் கடைக்குப் போனேன், தனியாக. கல்லாப் பக்கம் நீளப் பலகையில் உட்கார்ந்து, முழு மீன் ஒன்று சொன்னேன். முள்ளை நானே எடுத்தேன்.