டீயில் ஊற்றிய மருந்து

முதலில் கேட்டது ஒரு சத்தம். என் மகள் நந்தினி எதையோ நறநறவென்று மென்றாள். வாயைத் திறந்து பார்த்தேன். சுவரிலிருந்து சுரண்டிய சிமென்ட்.

நாங்கள் ஆரணிப் பக்கத்திலிருந்து படூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். சைட்டிலேயே தகரக் கொட்டகையில் குடியிருந்தோம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரத்தசோகை (இரும்புச்சத்து குறைந்து ரத்தம் வெளுப்பது) என்றார்கள். மண், சிமென்ட் தின்ன வைப்பதும் அதுதானாம். இரும்புச்சத்து சிரப் கொடுத்தார்கள். எப்படிக் கொடுப்பது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ருசிக்கும் அந்த சிரப். நந்தினி துப்பினாள். பக்கத்துக் கொட்டகை ஒடிசாக்காரி சுமித்ராவின் மகனுக்கும் அதே மருந்து. சைட்டுக்கு வரும் டீயில் ஊற்றிக் கொடு என்று சைகையில் காட்டினாள். பாவம், நல்லதுக்குத்தான். இரண்டு பிள்ளைகளும் மடமடவென்று குடித்தன.

ரத்தம் ஊறவில்லை. நந்தினிக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. திரும்பப் போனதும் டாக்டரம்மா கத்தினார்.

"மருந்த குடுக்கிறியா, கொட்டிட்றியா? இனிமே இதயம் தாங்காதும்மா. ரத்தம் ஏத்தணும்."

வராந்தாவில் காத்திருந்தோம். ஆஸ்பத்திரி ஊழியப் பெண் ஒருவர் மாதுளை, பேரீச்சை, ஈரல் படங்களைக் காட்டி, எதைச் சாப்பிடணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, படம் காட்டிக்கினு கீற? மருந்தயே டீல கலந்து குடுத்துக்கினு கீறேன், அதுக்கே ஏறல. மாதுளைக்கு எங்க போவேன்?"

அவர் படத்தைக் கீழே வைத்தார். "டீலயா?"

"ஆமா. இல்லனா துப்புது."

"அக்கா, டீ அந்த மருந்த ஒடம்புல சேரவே வுடாது. எலுமிச்சம்பழத் தண்ணில குடுங்க. டீயும் மருந்தும் கிட்டக்கிட்ட வேணாம். சாப்பாட்டோடயும் டீ வேணாம்."

அவ்வளவுதான். அரை நிமிஷப் பேச்சு. இதை முதல் நாளே சொல்ல யாருக்கு வாய் வலித்தது? உங்கள் பிள்ளைக்கும் இந்த சிரப் எழுதியிருந்தால், எதில் கலப்பது என்று சண்டை போட்டாவது கேளுங்கள்.

நந்தினிக்கு ரத்தம் ஏற்றினார்கள். கொட்டகைக்குத் திரும்பியதும் சுமித்ராவிடம் சொல்ல ஓடினேன். கொட்டகை காலி.

"வேற சைட்டுக்கு அனுப்ச்சிட்டாங்க. நெம்மேலியோ இன்னாவோ," என்றார் மேஸ்திரி.

நெம்மேலிக்கு பஸ்ஸில் போய்த் தேடினேன். அங்கே இல்லை.

நந்தினி இப்போது ஓடுகிறாள். சிமென்ட் தின்பதில்லை. என் உடம்புதான் மாறிப்போனது. டீ கேன் வரும் நேரம் கை சில்லிடுகிறது. நான் டீயில் மருந்து கலந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கோ ஒரு கொட்டகையில் சுமித்ரா மருந்து ஊற்றிய டீயை ஆற்றி மகன் கையில் கொடுப்பாள்.

நறநற சத்தம் கேட்கிறது. நந்தினியின் வாயைத் திறந்து பார்க்கிறேன். ஒன்றுமில்லை.