அதைத் தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள்

சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியும் மிளகுத்தூள் குப்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். குட்டையானதன் அடியில் தீப்பெட்டி போகும். "முதல்ல சாப்பிடுங்க, உப்பு ஒண்ணும் சண்டைக்கு வராது" என்பாள் அம்மா. மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே கூத்துதான்.

அவர் வெளியுறவு அமைச்சகத்தின் மாநாட்டு மண்டபப் பொறுப்பாளர். வேற்று நாட்டார் பேச்சுவார்த்தைக்கு வந்தால் மேசைக் கொடிகள் ஒரே உயரம், நாற்காலிகள் ஒரே உயரம், தண்ணீர்க் குவளைகள்கூட ஒரே உயரம். ஒரு விரற்கடை குறைந்தாலும் ஒரு நாட்டுக்கே அவமானம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயரைப் பட்டம்போலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

எதிர்வீட்டு அத்தையின் கணவர் லாரி ஓட்டுநர். அண்டை நாட்டோடு மூண்ட தகராறில் எல்லைச் சாவடியைத் திடீரென்று மூடினார்கள். லாரி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. வெங்காயம் ஏற்றிப் போனவரை உளவாளி என்று பிடித்து உள்ளே போட்டார்கள். நட்புப் பேச்சுவார்த்தை என்று அறிவிப்பு வந்ததும் அத்தை ஓடி வந்தாள்.

"அண்ணே, நீங்க உள்ள இருக்கறவரு. எங்க வீட்டுக்காரர் பேச்சு வருமா?"

"வராம என்னம்மா? அதைத் தோட்டத்துல பேசிக்குவாங்க. தோட்டத்துக் கதவைத் தொறந்து விடறதே நான்தானே!"

அந்த அமைச்சகத்தில் அப்படி ஒரு வழக்கம். வணிகம், துறைமுகம், ஆற்றுநீர் எல்லாம் மேசையில். முகம் சுளிக்க வைக்கும் விஷயங்கள் மட்டும், சாப்பாட்டுக்குப் பின் இரு தலைவர்களும் தோட்டத்தில் தனியாக நடக்கும்போது. அங்கே குறிப்பெடுக்க ஆள் கிடையாது. பேசினீர்களா என்று கேட்கவும் ஆள் கிடையாது. சிறையில் கிடந்த மனிதரை அந்த நடையின் தலையில் கட்டியிருந்தார்கள்.

பேச்சுவார்த்தை முடிந்த அன்று மாலை அத்தை வாசலிலேயே நின்றாள்.

"பேசினாங்கம்மா" என்றார் அப்பா, செருப்பைக் கழற்றியபடி. "விவரமா அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வரவேயில்லை. லாரிக்காரரும் வரவில்லை.

மகள் வளர்ந்தாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அரசியல் படித்தாள். வெளியுறவுக் கொள்கை வரலாற்றுப் புத்தகத்தில் அந்தச் சந்திப்பு ஒரு திருப்புமுனை என்று இருந்தது. தேர்விலும் அதையே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். பூரித்துப்போய் ஒரு காலைச் சாப்பாட்டின்போது வாசித்துக் காட்டினாள்.

"'தோட்டத்தில் நடந்தபடி தலைவர்கள் மனம்விட்டுப் பேசினர்.' உங்க தோட்டம்ப்பா!"

அப்பா தட்டையே பார்த்தார். "யாரும் நடக்கல."

பேச்சுவார்த்தை நடந்த அன்றைக்குத் தூறல். இரண்டு குடைகளோடு கதவருகே நின்றவர், விரித்துப் பிடித்து, குனிந்து, ஒரு கண்ணை மூடியிருக்கிறார். விருந்தாளியின் குடை அரைச் சாண் சின்னது. பழக்கதோஷம், அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதிகாரி முகத்தில் விளக்கு எரிந்தது. "நல்லவேளை சொன்னீங்க, ரசமட்டம்! அப்ப நடையே வேணாம்." தோளில் ஒரு தட்டு வேறு. எல்லோரும் படம் எடுக்க உள்ளே போய்விட்டார்கள்.

"நனைஞ்சா கரைஞ்சிடுவாங்களாப்பா?" என்றாள் அவள். "நாடுகளோட சமத்துவம்னு ஒரு அத்தியாயமே படிச்சேன். அது ரெண்டு குடைதானா?"

"என் வேலையைத்தானே பார்த்தேன்."

"அத்தைகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லணும்."

"எப்ப?"

"சொல்லணும்னு சொல்றேன்ல!" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

யார்மேல் கோபப்படுவது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு மனிதனின் உயிரை மழைக்கு விட்டுவிட்டு, சாக்குக் கிடைத்ததும் சிரித்தவர்கள்மேலா? குடையை அளந்து, பொய்யையும் அளந்து கொடுத்த அப்பாமேலா? அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய தன்மேலா?

அப்பாவிடம் மறுபடி கேட்பதற்குள் ஒரு நாள் அவர் இதயம் நின்றுவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு அத்தை மேசையருகே வந்து உட்கார்ந்தாள். குப்பிகள் ஒரே உயரத்தில் நின்றன, ஒன்றின் அடியில் தீப்பெட்டி.

"உங்கப்பா ஒரே ஒரு பாக்கி வெச்சிட்டுப் போயிட்டாரும்மா. தோட்டத்துல என்ன பேசினாங்கன்னு விவரமா சொல்றேன்னாரு. அதை நம்பித்தான் இருக்கேன். உன்கிட்டயாவது சொன்னாரா?"

மகள் குப்பியின் அடியிலிருந்த தீப்பெட்டியை உருவினாள். மறுபடி அங்கேயே செருகினாள்.

"அட, துக்க வீட்டுல வந்து கேக்கறேன் பாரு" என்று அத்தை அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். "ஒண்ணும் அவசரமில்ல. அப்புறமா சொல்லு."