சாகப்போகும் உலகத்துக்கு ஒரு நிமிட மௌனம்

தோளில் பை, கக்கத்தில் பாய். காலி வீதி என்ற பெருந்தெருவில் கொட்டாஞ்சேனைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ் இருந்தது... நடந்தால் கோபம் இறங்கும் என்று நினைத்தேன். பம்பலப்பிட்டி தாண்டியும் இறங்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட். தண்ணீர்ப் பம்ப் போடுவது, படி கூட்டுவது என் வேலை. சம்பளம் சொற்பம். கீழே ஓர் அறை தந்திருந்தார்கள் – அதற்காகத்தான் இருந்தேன்.

அன்று சனிக்கிழமை காலை மொட்டைமாடியில் குடியிருப்பவர்களின் கூட்டம். பெரிய போர் வந்து உலகம் அழிந்தால், மிஞ்சுகிறவர்கள் அதை எப்படி மறுபடி கட்டியெழுப்புவது? தாங்கள் மிஞ்சுவோம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை!

குத்துவிளக்கு ஏற்றினார்கள். இனிமேல் சாகப்போகும் மனிதகுலத்துக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. பிறகு தலைவர் தெரிவு. ஓய்வுபெற்ற எஞ்சினியருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளருக்கும் இழுபறி. கடைசியில் எஞ்சினியர் தலைவர், மற்றவர் போஷகர். உலகம் அழிந்தால் மிஞ்சுவது கரப்பான் பூச்சி என்கிறார்கள். இல்லை – நிர்வாக சபை.

"அப்ப பிள்ளையளின்ர டியூஷன்?" என்றார் இரண்டாம் மாடி அக்கா.

"இஞ்ச மேல வைக்கலாம்," என்றார் தலைவர்.

"மாஸ்டர் தப்புவாரோ?"

"மற்ஸ் மாஸ்டரை எப்பிடியும் தப்ப வைக்கவேணும்!"

சரி, அரிசி பருப்பு சேமிக்க இடம்? தலைவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, உம்மட அறைதான் வசதி. பின்னேரம் மூட்டை வருது."

"அப்ப நான் எங்க ஐயா படுக்கிறது?"

"உலகமே அழியப்போகுது... நீர் பாய் விரிக்கிற கதை கதைக்கிறீர்!"

கைதட்டல். நன்றியுரையில் என் தியாகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் முன்பும் இடம்பெயர்ந்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் ஷெல் விழுந்த பிறகுதான் கிளம்பினோம்.

கொட்டாஞ்சேனையில் மேரி அக்காவின் சவப்பெட்டிக் கடை எனக்குப் பழக்கம். போய் வேலை கேட்டேன்.

"வேலை இருக்கு. ஆனா ரூம் கீம் இல்ல. பெட்டிங்களுக்கு நடுவுலதான் படுக்கணும். பயமா?"

"இதுகள் கூட்டம் வைக்காதுதானே, அக்கா?"

"உனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப சரி."

நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை முதல் பெட்டிக்கு வார்னிஷ் பூசினேன்.