பட்டா இல்லாத வாதி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஊரின் மேய்ச்சல் புறம்போக்கில் கிணறு வெட்டி, குழாய் பதித்து, தண்ணீரைக் கொண்டுபோனது ஒரு மில். அதை எதிர்த்து எங்கள் வக்கீல் மூலம் வழக்குப் போட்டவர் ஓர் ஆட்டுக்காரர். ஒட்டிய கன்னம், ஒற்றைக் காதில் கடுக்கன், சித்திரை வெயிலிலும் தோளில் கம்பளி. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் கோர்ட்டு வாசலில் யாரோ திறந்துபோட்ட குழாயை இறுக மூடிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

விசாரணையன்று மில் வக்கீல் இளக்காரமாகக் கேட்டார்: "அந்த நிலத்துக்கு உம்ம பேர்ல பட்டா இருக்காய்யா?"

"இல்லைங்க சாமி. எம்பேர்ல இருந்தா நானே ஒங்க மில்லுக்கு வித்துருப்பேன். அது ஊரு நெலம். ஆடு மாடு மேயிற நெலம். அத எவன் குடுத்தான், எவன் வாங்குனான்? அதக் கேக்கத்தான் வந்தேன்."

கோர்ட்டே சிரித்தது. பட்டா இல்லாதவன் கேள்வி கேட்கக் கூடாதாம், வழக்கு தள்ளுபடி. ஆட்டுக்காரர் வெளியே வந்தார். வழிந்துகொண்டிருந்த குழாயை வழக்கம்போல இறுக மூடிவிட்டு நடந்தார்.

இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அன்று ஒருநாளாவது அதைத் திறந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா அந்த மனிதர்?