தொட்டியில் ஒரு காட்டுப்பூவரசு

இங்கே மெல்பேர்னில் செடிக்குச் சீக்கு வந்தால், இலையைக் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டு நர்சரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான், என் முறை வரும்வரை. நான் கொண்டுபோனது காட்டுப்பூவரசு இலை. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள்.

நுவரெலியாவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பனிமூட்டத்துக்குள் நிற்கிற மரம் அது. ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், நாங்கள் குடியிருந்த தோட்ட லயங்களுக்குத் தீ வைக்கிறார்கள் என்றதும் நாங்கள் ஓடி ஒளிந்தது அந்தக் காட்டில்தான். எங்கள் மகள் செல்விக்கு இரண்டு வயது. குளிரில் காய்ச்சல் கண்டு, மருந்தில்லாமல், அங்கேயே போய்விட்டாள். ஒரு காட்டுப்பூவரசின் அடியில் கையாலேயே தோண்டிப் புதைத்தோம். பல வருஷம் கழித்துப் போனேன். காட்டை வெட்டி உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். நாசமாய்ப் போக! எந்த இடமென்று யாரைக் கேட்பது?

மெல்பேர்ன் மலைப்பக்கத்து நர்சரி ஒன்றில் அதே மரம் கன்றாக, 'சிலோன்' என்ற சீட்டோடு நின்றது. என் மனைவி ராசம்மா கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். வாடகை வீடு, தரையில் நட வீட்டுக்காரன் விடமாட்டான். தொட்டியில் வைத்தோம். அன்றிலிருந்து தினமும் குளித்ததும் அதன் அடியில் ஒரு பிடி விபூதி போடுவாள். மகளுக்குப் பூசிவிடுவதாக நினைப்பு. "அவ நெத்தி சின்னதுடி, இம்புட்டா?" என்று கேலி செய்வேன்.

நர்சரிக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன போடுகிறாய்?"

"சாம்பல்."

"அடுப்புச் சாம்பலா?"

"இல்லை, சாமிச் சாம்பல்."

"எதுவானாலும் இதற்கு விஷம். புளிப்பு மண்ணில் வளர்கிற மரம், சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிடும். இனிப் பிழைக்காது." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "கவலைப்படாதே நண்பா, இன்னொன்று பாதி விலைக்குத் தருகிறேன்." நல்ல மனுஷன். அவரிடம் என்னத்தைச் சொல்ல?

ராசம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை விபூதியோடு தொட்டியருகே வந்தவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

"அப்ப இதையும் நான்தான்..."

"நீ என்னடி செய்வ?"

"அங்க அந்த மரமே இல்லன்னீங்க. இங்க போடக் கூடாதுங்கிறீங்க. எம் புள்ளைக்கு நான் எங்கதாங்க போடுறது?"

உள்ளங்கை விபூதியைக் காற்று கொண்டுபோகாமல் மறு கையால் மறைத்துக்கொண்டு, அவள் அப்படியே நின்றாள்.